அரை டாலரின் அங்க அடையாளங்கள்

ஒரே வருஷத்தில், ஒரே நாணயசாலையில் அடித்த இரண்டு காசுகள் ஒன்றுபோலவே இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆதிகால வெள்ளி நாணயங்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் செல்லாது. காசுக்குக் காசு உள்ள வேற்றுமையைத் தேடிச் சேர்ப்பதையே அந்நாட்டில் பலர் ஆயுட்காலப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள்.

1792-ம் வருஷத்துச் சட்டப்படி பிலடெல்பியா நகரில் நாணயசாலை ஏற்பட்டது. முதல் வெள்ளி டாலர்கள் 1794-ல் வெளிவந்தன. அவற்றில் ஒன்று 2013-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அத்தகைய காசைக் கோடீசுவரர்களுக்கே விட்டுவிடுவோம். சாமானிய வருவாயுள்ளவர் நாடத்தக்கது 1807 முதல் 1836 வரை அடித்த அரை டாலர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஜான் ரைக் என்ற சிற்பி வகுத்த உருவம் அது. ஒரு பக்கம் குல்லாய் தரித்த சுதந்திர தேவி; மறுபக்கம் கழுகு. எடை ஏறக்குறைய 13.48 கிராம், நம் பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்றுக் கனம். வெள்ளி டாலர் அடிப்பது 1804-ல் நின்றுவிட்டபடியால், பாங்கிகள் இந்த அரை டாலரையே இருப்பாக வைத்துக்கொண்டன. கைக்குக் கை மாறாமல் பெட்டியில் உறங்கிய காசுகள் அநேகம். ஆகவே அதிகத் தேய்மானமில்லாதவை இன்றும் கிடைக்கின்றன.

வேற்றுமை எவ்வாறு நேர்ந்தது? தேவியின் தலையையும் கழுகையும் அச்சில் ஏற்ற முழு உருவ முத்திரைகள் இருந்தன. ஆனால் பதின்மூன்று நட்சத்திரங்களையும், வருஷ எண்களையும், எழுத்துக்களையும் தொழிலாளி ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டிப் பதித்தான். ஒரு நட்சத்திரம் சாயும். ஓர் எண் மேலேறும். அச்சு விரிசல் கண்டால் அந்த விரிசலும் காசில் மெல்லிய கோடாக விழும். அது உடைந்தபின் வந்த புதிய அச்சில் வேறு விதமான கோணல்கள்! இப்படி 1836-க்குள் உண்டான வகைகள் 400-க்கு மேல். 1827-ம் வருஷத்துக் காசில் மட்டும் 40-க்கு மேல் இருக்கின்றன.

1807-ல் ஒரு தொழிலாளி 50 என்று பதிக்க வேண்டிய இடத்தில் 20 என்று பதித்துவிட்டு, பிறகு 2-ன் தலைமேலேயே 5-ஐ அடித்துச் சரிக்கட்டினான். அரை டாலரை இருபது காசாக்கப் பார்த்த அந்தப் புண்ணியவான் யாரோ! 1817-ம் வருஷத்துக் காசு ஒன்றில் 7-ன் அடியில் 4 தெரிகிறது. பழைய அச்சைத் திருத்தி உபயோகித்திருக்கிறார்கள். இதுவரை அகப்பட்டவை ஒரு டஜன் அளவே.

இவற்றை இனங்காண வேண்டிய கருவிகள் இரண்டு: ஒரு பூதக்கண்ணாடி, ஆல் ஓவர்ட்டன் என்பவர் 1967-ல் வெளியிட்ட நூல். கழுகின் தலைக்கு மேலுள்ள பட்டையின் எழுத்துக்களுக்கு நேரே, விளிம்போரத்து எழுத்துக்களில் எது நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வகைகள் கழிந்துவிடும். முதல் காசு வாங்குமுன் இந்த நூலை வாங்குவதே புத்திசாலித்தனம். அரை டாலர் வகைகளில் நூறு சேர்த்தவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது; அதன் அங்கத்தினர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பெயரின் பொருள் 'பைத்தியம்' என்பது!

வியாபாரி பெரும்பாலும் வருஷத்தைப் பார்த்து விலை சொல்லுகிறார். கற்றவர் அச்சைப் பார்த்து வாங்குகிறார். சாதாரண விலையில் அபூர்வ வகை கிடைப்பது இதனால்தான். இது நியாயமா என்று கேட்பாருண்டு. நூல் வியாபாரியின் கைக்கும் எட்டியதே. அவர் புரட்டிப் பாராததற்கு வாங்குபவர் பொறுப்பாளியல்லர் என்பது நம் கட்சி. ஆனால் ஒன்றும் அறியாத ஒரு மூதாட்டி, காலஞ்சென்ற கணவரின் பெட்டியைத் திறந்து காட்டும்போது வாய் திறவாமல் வாங்கிச் செல்வது வேறு விஷயம். அதற்கும் திருட்டுக்கும் அதிக தூரமில்லை.

போலிகளும் உலவுகின்றன. எடை பார்ப்பதோடு, விளிம்பில் மதிப்பைக் கூறும் எழுத்துக்கள் ஓடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். 1836-ல் நீராவி யந்திரம் வந்ததும் அந்த எழுத்துக்கள் மறைந்து, வெறும் வரிகள் வந்துவிட்டன.

காசு கறுத்திருந்தால் அப்படியே இருக்கட்டும். வெள்ளிக் கிண்ணத்தைத் திருநீறிட்டுத் துலக்கும் நம் இல்லத்தரசிகளின் கண்ணில் அது படாதிருப்பது நல்லது. ஒரு முறை தேய்த்தால் இருநூறு வருஷத்துப் பளபளப்பு போய்விடும். விலையில் பாதியும் அத்துடன் போகலாம்.