பிடியரிசியும் பிணைமுறியும்: பள்ளிக்கூடம் கட்டின காசு எங்கேயிருந்து வந்தது, தெரியுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அலன் என்றொரு ஊர். அங்கே ஒரு பாடசாலைக்கு மட்டும் சொந்தமான விளையாட்டு அரங்கில் எத்தனை பேர் உட்காரலாம், தெரியுமா? 18,000 பேர்! செலவு ஏறத்தாழ 6 கோடி டொலர்! கட்டியது கோடீசுவரர் யாருமில்லை. 2009இல் ஊர்ச்சனம் வாக்குச்சாவடிக்குப் போய், “எங்கள் பெயரில் கடன் வாங்குங்கள், நாங்கள் வரியில் கட்டுகிறோம்” என்று வாக்களித்தது! 2012இல் கோலாகலமாகத் திறந்தார்கள். 2014இல் கொங்கிறீற்றில் வெடிப்புக் கண்டு பூட்டினார்கள்! திருத்தி மறுபடி திறக்க 2015 ஆகிவிட்டது. நமக்கோ யாழ்ப்பாண நகரம் முழுவதுக்கும் ஒரு துரையப்பா விளையாட்டரங்குதான்.

இந்தக் கடனுக்குப் பெயர் பிணைமுறி. 2015இல் இலங்கை மத்திய வங்கியின் பிணைமுறி விவகாரம் வெடித்ததிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டாலே நம்மவர் முகம் சுளிப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தாருக்கு இது விளங்காத சங்கதியே இல்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த நம் வழக்கச் சட்டமான தேசவழமையில் ஒற்றி இருக்கிறதல்லவா? காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுப்பார். பிணைமுறியில் காணிக்குப் பதில் ஊரின் வரி! வீட்டுக்கும் காணிக்கும் நாளைக்கு வரப்போகும் சோலைவரியைக் காட்டி இன்றைக்கே காசு வாங்குவது. கொடுத்தவருக்கு ஆண்டுதோறும் வட்டி, தவணை முடிய முதல்.

எல்லா ஊரும் சட்டென்று “ஓம்” சொல்லிவிடாது. கலிபோர்னியாவில் முன்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் சம்மதித்தால்தான் பாடசாலைக் கடன் எடுபடும். 2000இல் அதை 55 வீதமாகக் குறைத்தார்கள். டெக்சாசிலோ 1854இல் 20 இலட்சம் டொலரோடு ஒரு நிரந்தரப் பாடசாலை நிதியம் தொடங்கினார்கள். அது பெருகிப் பெருகி, 1983 முதல் ஊர்ப் பாடசாலைகளின் கடனுக்கே பிணை நிற்கிறது! பிணை பலமாக இருந்தால் வட்டி குறையும்.

சரி, தலை சுற்றும் கணக்கு ஒன்று. அதே கலிபோர்னியாவில் போவே என்ற பாடசாலை மாவட்டம் 2011இல் 10½ கோடி டொலர் கடன் வாங்கியது. திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு, தெரியுமா? ஏறத்தாழ 100 கோடி! முதலாவது தவணையே 2033இல்தான். கடைசித் தவணை 2051இல்! வட்டி கட்டாமல் குட்டி போட விட்டதன் விளைவு. வாக்களித்த பெரியவர்களில் பாதிப்பேர் அப்போது இருக்கமாட்டார்கள். அந்த வகுப்பறையில் படித்த பிள்ளைகள் கட்டுவார்கள். பெரும் கூச்சல் எழுந்து, 2013இல் இத்தகைய கடனுக்கு 25 ஆண்டு எல்லையும், முதலின் நான்கு மடங்குக்கு மேல் திருப்பிக் கட்டக்கூடாது என்ற எல்லையும் போட்டு மாநிலம் சட்டம் இயற்றியது. நான்கு மடங்கு! அதுவே சலுகையாம்.

அப்படியானால் பிணைமுறி என்ற பேச்சே இல்லாத யாழ்ப்பாணத்தில் இத்தனை பள்ளிக்கூடங்களை யார் கட்டினார்கள்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது!

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் புதிதாகக் கட்டத் தொடங்கவில்லை. ஒல்லாந்தர் விட்டுப்போன பழுதடைந்த தேவாலயக் கட்டடங்களைத் திருத்திக் குடியேறினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி பிறந்தது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு? கடலுக்கு அப்பாலிருக்கும் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பும் பெயரை வைக்கலாம்! நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் நடமாடியது இந்த வழக்கத்தால்தான். இன்றைக்குக் கொடையாளர் பெயரைச் சுவரில் சலவைக்கல்லில் பதிக்கிறோம். அன்றைக்குப் பிள்ளையின் மேலேயே பதித்தார்கள்! இன்னும் கேளுங்கள்: அந்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1880களின் பிற்பகுதியில் தொடங்கிய நகரப் பாடசாலைதான் கைமாறி யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. மிஷன் பெயரைச் சுமந்தவர் போட்ட விதையில் சைவர்களின் தலையாய கல்லூரி!

மிஷனுக்குப் பதிலடியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவருக்கு வெளிநாட்டு டொலர் ஏது? உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் அவருடைய தருமங்களுக்குக் கைகொடுத்தது. அந்த ஒரு பிடிக்கு வட்டியுமில்லை, தவணையுமில்லை! அரசாங்க நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால், அந்த வித்தியாசாலை இருபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டி வந்திருக்கும்.

பிறகு பொன்னம்பலம் இராமநாதன் தம் சொந்தச் சொத்தைக் கொட்டினார்: 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரி, 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. இரண்டாவதன் வளவில்தான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது! 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி, குக்கிராமங்களிலும் பாடசாலை திறந்தது. அதை நடத்திய இராசரத்தினத்துக்கு ‘இந்து போட்’ என்பதே பெயருக்கு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது. மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்களின் காசும் இப்படித்தான் ஊர்ப் பாடசாலைக் கட்டடங்களாக நிற்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், ஊர் நிர்வாகமே பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பு என்று சட்டம் சொன்ன காலமும் இருந்தது! 1906இன் நகரப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1907இன் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் தாய்மொழிக் கல்வியின் சுமையை உள்ளூர் அமைப்புகளின் தலையில் ஏற்றின. பின்னர் 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி, 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றது, 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வழியாக மாகாணசபை என்று அந்தப் பொறுப்பு கைமாறியது. இன்றைக்கு மாநகரசபை முன்பள்ளி நடத்தலாம், நூலகம் நடத்தலாம். ஒரு பாடசாலைக்கு ஒரு கல் வைக்கும் பொறுப்பு அதற்கில்லை. 1959இல் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்காக அதே மாநகரசபை கார்னிவல் நடத்திக் காசு திரட்டிய சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்தியாவில் இதே பிணைமுறி நகரப் பத்திரம் என்ற பெயரில் உண்டே என்பீர்கள். உண்டு! பெங்களூரு 1997இல் 125 கோடி ரூபாய், அகமதாபாத் 1998இல் 100 கோடி, சென்னை மாநகராட்சி 2025இல் 200 கோடி. வீதி, குடிநீர், வடிகால் என்று போகிறது பட்டியல், பள்ளிக்கூடம் எங்கே? தண்ணீருக்குக் கட்டணம் வரும். இலவசக் கல்வி தரும் வகுப்பறையில் சதம் வராது. கடன் கொடுப்பவர் எதை நம்பிக் கொடுப்பார்? அமெரிக்கர் இதைத் தாண்டிய வழி எளிது: பள்ளிக்காகவே தம் சோலைவரியைக் கூட்டத் தாமே வாக்களிப்பது. நம் ஊரில் “சோலைவரியைக் கூட்டுவோம்” என்று கேட்டு எந்த வேட்பாளர் வெல்வார், சொல்லுங்கள்!

இப்போது கட்டுவது பழைய மாணவர் சங்கங்கள். இலண்டன் கிளை, ரொறன்ரோ கிளை என்று ஒவ்வொன்றாக மண்டபமும் மாடியும் எழும்புகின்றன. கும்பிட வேண்டிய கொடைதான். ஆனால் காசு பழைய மாணவர் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். பெயர் பெற்ற கல்லூரிக்குக் கிளைகள் கண்டம்தோறும். நெடுந்தீவின் ஒரு சின்னப் பாடசாலைக்கு யார்? பிணைமுறியிலும் இதே கோளாறுதான்: காணி விலை கூடிய ஊருக்கே கடன் கிடைக்கும். 1971இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் செரானோ வழக்கில் இதைத்தான் பிடித்துக் கேட்டது: அயலாரின் செல்வத்தை வைத்தா ஒரு பிள்ளையின் கல்வியைத் தீர்மானிப்பது?

இதற்கும் ஒரு வழியைத் தமிழ்நாடு 2002இல் காட்டியது, தெரியுமா? தனியாகக் கடன் கேட்டால் எவரும் திரும்பிப் பார்க்காத சிறிய நகரங்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஒரே பத்திரமாகச் சுமார் 30 கோடி ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் திரட்டினார்கள்! அப்படியே பருத்தித்துறை, சாவகச்சேரி, வேலணை, நெடுந்தீவு எல்லாம் ஒரே பத்திரத்தில் சேர்ந்தால்? கனவு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரப் பட்டியலில் பாடசாலையே இல்லை. பாடசாலையைக் கையில் வைத்திருக்கும் மாகாணசபையோ, பாராளுமன்றச் சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்குத்தான் கடன் வாங்கலாம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. வடக்கில் அந்தச் சபையின் பதவிக்காலமும் 2018 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது!