கழுவி எறியக் கூடாத மருந்துப் புட்டி

திரவ மருந்தால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்துவிட்டதோ என்ற ஐயம் எழும் வீடுகளில் முதலில் காணாமற்போவது அந்த மருந்துப் புட்டிதான். மிஞ்சிய மருந்தை அச்சத்தில் சாக்கடையில் கொட்டிவிட்டுப் புட்டியைக் குப்பையில் எறிவோரும், கோபத்தோடு வாங்கிய கடைக்கே எடுத்துச் சென்று கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வருவோரும் பலர்; ரசீதோ பெரும்பாலும் கேட்டு வாங்கப்பட்டிருப்பதே இல்லை. பிறகு மருத்துவர் என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்று கேட்டால், சிவப்பு நிற இருமல் மருந்து என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை. சட்டம் வகுத்திருக்கும் தீர்வுகள் எல்லாம் புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் தொகுதி எண்ணை, அதாவது மருந்துக்கடைகளில் பேட்ச் நம்பர் எனப்படும் எண்ணைப் பற்றிக்கொண்டே நகர்வதால், புட்டியை எறிபவர் தம் வழக்கையும் அதனோடு சேர்த்து எறிந்துவிடுகிறார்.

மருந்துக் கரைசல் என்பது ஒரு மருந்துப்பொருள் ஒரு கரைப்பானில் முழுமையாகக் கரைந்து, எந்தத் துளியை எடுத்தாலும் ஒரே அளவு மருந்து இருக்கும்படி தயாரிக்கப்படும் திரவம். கரையாத துகள்கள் திரவத்தில் மிதந்து நிற்பது தொங்கல் எனப்படும், அதனால்தான் அதைக் குலுக்கிய பின்னரே ஊற்ற வேண்டும். பாராசிட்டமால் போன்ற பொருள்கள் தண்ணீரில் போதிய அளவு கரைவதில்லை என்பதால், அவற்றைக் கரைசலாக்க நினைக்கும் ஆலைகள் தூய்மைப்படுத்திய தண்ணீருடன் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், சர்பிட்டால் போன்ற துணைக் கரைப்பான்களைச் சேர்க்கின்றன. இவை தம்மளவில் அனுமதிக்கப்பட்ட பொருள்களே. ஆனால் மருந்துத் தரத்தில் வாங்க வேண்டியதைத் தொழிற்சாலைத் தரத்தில் வாங்கும்போதும், பல கை மாறி வந்த பீப்பாயைச் சோதிக்காமல் கலக்கும்போதும், அவற்றோடு டைஎதிலீன் கிளைகால் என்னும் நச்சு உள்ளே வந்துவிடுகிறது. பிரேக் ஆயிலிலும் பிசின் தயாரிப்பிலும் பயன்படும் இத்திரவத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையோ இனிப்பு. நாவாலோ மூக்காலோ கண்டுபிடிக்க வழியில்லை. உடலுக்குள் சென்றதும் அது டைகிளைகாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரக நுண்குழல்களை அழிக்கிறது.

இது புதிதாக முளைத்த ஆபத்தன்று. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை இதே நச்சில் கரைத்து விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அடுத்த ஆண்டே அந்நாடு சட்டத்தைத் திருத்தி எழுதியது. இந்தியாவில் 1972-இல் சென்னையிலும், 1986-இல் மும்பையிலும், 1998-இல் குர்கானிலும், 2019-20-இல் ஜம்முப் பகுதியிலும் இதே நச்சு உயிர்களைப் பறித்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அவர்களில் பலர் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது என்பது தெரியவந்தது. அதன் எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியில் டைஎதிலீன் கிளைகால் 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் அறிவித்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடு மட்டுமே.

அந்த முடிவு மாதிரி எடுத்த ஓரிரு நாட்களில் வந்துவிட்டது என்பதே மிகவும் வேதனைக்குரியது. கருவியும் திறனும் அரசிடம் இருந்தன; குழந்தைகள் இறக்கும் வரை மாதிரி எடுக்கத்தான் ஆள் இல்லை. ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் தயாரிப்பாளர் சோதித்தாக வேண்டும் என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் கட்டளையிடுகின்றன. அதை அவர் செய்கிறாரா என்று நேரில் சென்று பார்க்கத்தான் மருந்து ஆய்வாளர் பதவியே இருக்கிறது. உரிய ஆய்வு செய்யத் தவறியதாக ஆய்வாளர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டதும், ஆலையின் உரிமம் ரத்தானதும் மரணங்களுக்குப் பின்னர்தான். ஆகவே கண்காணிப்பின் ஒரு பங்கை, விருப்பமில்லாவிட்டாலும், வாங்குபவரே சுமக்க வேண்டியிருக்கிறது.

மருந்து நல்லதாகவே இருந்தாலும் வீட்டில் அதைக் கலக்கும் முறையாலும் அளக்கும் முறையாலும் நேரும் கேடு குறைவன்று. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிலிட்டருக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். பெயர் ஒன்றே, அட்டையின் வண்ணமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், சிரப்புக்குச் சொன்ன 5 மில்லிலிட்டரைச் சொட்டு மருந்தில் ஊற்றிக் கொடுத்தால் 125 மில்லிகிராம் போக வேண்டிய குழந்தைக்கு 500 மில்லிகிராம் போய்விடுகிறது. பாலாடையோ சமையலறைக் கரண்டியோ அளவுகோல் ஆகாது. புட்டியோடு வரும் மூடியிலும் ஊசியில்லாச் சிரிஞ்சிலும் இருக்கும் கோடுகளே அளவுகோல். தண்ணீர் கலந்து குடிக்கும் நுண்ணுயிர்க்கொல்லித் தூளைப் பொறுத்தவரை, கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி நுரை அடங்கிய பின், புட்டியில் உள்ள குறி வரை மீண்டும் ஊற்றி நிரப்ப வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் நுரையின் மட்டத்தையே திரவத்தின் மட்டமென்று எண்ணி அளவு தவறும். கலந்த மருந்தின் ஆயுள் புட்டியில் எழுதியிருக்கும் சில நாட்களே என்பதால், அடுத்த காய்ச்சலுக்கு ஆகுமென்று அதைக் குளிர்பெட்டியில் சேமிப்பது பயனற்றது.

ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புசர்க்கரைக் கரைசலும் மருந்துக் கரைசலே. 20.5 கிராம் பொட்டலம் முழுவதும் 1 லிட்டர் குடிநீருக்கு உரியது. அதை ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிகுந்து வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் நிலை மோசமாகும். அரைப் பொட்டலம், கால் பொட்டலம் என்று பிரிப்பதும் தவறு. குறைந்த அளவு வேண்டுவோர் 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலத்தைக் கேட்டு வாங்கலாம். கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இருமலுக்கும் சளிக்கும் குழந்தைக்கு மருந்து ஊற்றியே ஆக வேண்டும் என்ற எண்ணமும் கைவிடப்பட வேண்டியது. குளோர்ஃபெனிரமினும் ஃபெனைலெஃப்ரினும் சேர்ந்த குறிப்பிட்ட கலவையை 4 வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையை அட்டையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி உத்தரவிட்டார். 2 வயதுக்கு உட்பட்டோருக்கு எந்த இருமல், சளி மருந்தும் கூடாது, 5 வயது வரையிலும் பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கதன்று என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. இதன் பின்னும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிய சீட்டைக் காட்டிச் சிரப் வாங்குவோர் இருக்கிறார்கள், அதைக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன.

வாங்கும்போது செய்ய வேண்டியது சிறிது. அதைச் செய்யாதவர்களே மிகுதி. ரசீதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள், தயாரிப்பாளர் பெயர், கடையின் உரிம எண் ஆகியவை இருக்கின்றனவா என்று கடையை விட்டு இறங்கும் முன்பே பார்க்க வேண்டும். கணினி பழுது, பிறகு தருகிறோம் என்ற சாக்கை ஏற்காமல் கையால் எழுதியாவது வாங்க வேண்டும். புட்டியின் நான்கு பக்கங்களையும் செல்பேசியில் படமெடுத்து வைத்தால், பின்னாளில் அட்டை கிழிந்தாலும் எண் நிலைக்கும்.

மருந்து குடித்த குழந்தை தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, வயிற்றுவலியால் துடித்தாலோ, மயங்கிச் சோர்ந்தாலோ, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ, மருந்தை உடனே நிறுத்தி, டயாலிசிஸ் எனப்படும் ரத்தச் சுத்திகரிப்பு வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நஞ்சின் பெயர் விரைவில் தெரிந்தால் மாற்று மருந்தும் டயாலிசிசும் காலத்தே தொடங்க முடியும் என்பதால் புட்டியும் உடன் செல்ல வேண்டும். மருத்துவருக்குக் காட்டிவிட்டு அதைத் திரும்பப் பெற வேண்டும். காவல்துறையோ ஆய்வாளரோ கேட்டால் எழுத்தில் ஒப்புகை பெறாமல் கொடுக்கக் கூடாது. மிஞ்சிய மருந்தை வேறு பாத்திரத்தில் ஊற்றாமல், மூடியை இறுக்கி, புட்டியோடு தூய பையிலிட்டு நிழலில் வைக்க வேண்டும். புட்டியைக் கடைக்காரரிடம் மட்டும் திருப்பிக் கொடுக்கவே கூடாது.

புகாரின் முதல் வாசல் மாவட்டத்துக்கு உரிய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். தமிழ்நாட்டில் இதன் தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் இருக்கிறது. மனுவில் நோயின் கதையை நீட்டி எழுதுவதைவிட மருந்தின் பெயர், தொகுதி எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், கடையின் முகவரி, வாங்கிய நாள், கொடுத்த அளவு, தோன்றிய அறிகுறி ஆகியவற்றை வரிசையாக எழுதி, அதே தொகுதியைச் சேர்ந்த திறக்காத புட்டிகளை அக்கடையிலிருந்து மாதிரியாக எடுக்கும்படி வெளிப்படையாகக் கேட்க வேண்டும். ஆய்வாளர் எடுக்கும் மாதிரியே வழக்கில் வலுவானது; 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அவர் அதை முத்திரையிட்டு, ஒரு பகுதியை விற்றவரிடமும் ஒன்றை அரசுப் பகுப்பாய்வாளரிடமும் கொடுத்து, ஒன்றை நீதிமன்றத்துக்கென வைக்க வேண்டும். மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை பெற வேண்டும், இல்லையேல் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மாதிரி எடுக்கப்பட்டதா, எந்த நாளில், பகுப்பாய்வாளரின் 13-ஆம் படிவ அறிக்கை என்ன சொல்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே கோப்பு அசையும். 30 நாட்களுக்குள் பதில் தர அலுவலகம் கடமைப்பட்டது.

ஆய்வாளரை எதிர்பாராமலே சோதித்துக்கொள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை மருந்துக்கடைக்காரர்களே பலர் அறியார். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, தாம் வாங்கிய மருந்தை எவரும் உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்துக் கையொப்பமிட்ட அறிக்கை பெறலாம் என்கிறது. இதற்கான விண்ணப்பம் 14-ஏ படிவம், கிடைக்கும் சான்று 14-பி படிவம். விண்ணப்பத்தில் வாங்கிய கடை, நாள், சோதனை கோருவதன் காரணம் ஆகியவற்றை எழுதுவதோடு, மாதிரி வாங்கியபடியே இருக்கிறது, எவ்வகையிலும் மாற்றப்படவில்லை என்று உறுதிமொழியும் தர வேண்டும். கழுவிய புட்டியையோ தண்ணீர் சேர்ந்த மிச்சத்தையோ வைத்துக்கொண்டு இந்த உறுதிமொழியில் கையெழுத்திட முடியாது. இயன்றால் அதே தொகுதியின் திறக்காத புட்டி ஒன்றை ரசீதுடன் வாங்கி அதையே சோதனைக்குக் கொடுப்பது மேல்.

பக்கவிளைவு என்ற ஐயம் மட்டுமே இருந்தாலும், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024-இல் பொதுமக்களே பதிவு செய்யலாம். ஒரே தொகுதி எண் பல ஊர்களிலிருந்து பதிவானால்தான் எச்சரிக்கை மணி ஒலிக்கும் என்பதால் இதை வீண்வேலை என்று ஒதுக்கக் கூடாது.

குற்றம் உறுதியானால், சாவையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் கலப்பட மருந்துக்கு 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு குறைந்தது 10 ஆண்டு, மிகுந்தால் ஆயுள் சிறைத் தண்டனையும், குறைந்தது 10 லட்ச ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அந்த அபராதத் தொகை பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாகச் சேர வேண்டும் என்றும் சொல்கிறது. 32-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரே நேரடியாக வழக்குத் தொடரவும் இயலும். குற்ற வழக்கு முடிய ஆண்டுகள் பல ஆகும் என்பதால், இழப்பீட்டுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் உடனே நாடுவது அறிவுடைமை. எந்த நுகர்வோர் ஆணையத்தை அணுகுவது என்பதைக் கேட்கும் இழப்பீட்டுத் தொகை முடிவு செய்வதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலையே முடிவு செய்கிறது. ஆகவே நூறு ரூபாய்ச் சிரப்புக்காக எத்தனை லட்சம் கோரினாலும் மனு மாவட்ட ஆணையத்துக்கே உரியது, அதுவும் மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யத்தக்கது, கட்டணமும் இல்லை. கடைக்காரரோடு தயாரிப்பாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். புட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தையே கேட்கவும் நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவு இடம் தருகிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து காலத்தைக் கழித்துவிடக் கூடாது, ஏனெனில் மனுவுக்கான காலவரம்பு வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் மட்டுமே. அறிக்கை பின்னர் வந்தாலும் கூடுதல் ஆவணமாக அதைத் தாக்கல் செய்ய அனுமதி கோரலாம்.