உறவினரோடு நடந்து பாருங்கள்!



கோடை விடுமுறை வந்தால் சீத்தா கேம்பில் அநேக வீடுகளில் பாய்கள் போதாமற்போகின்றன. திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பெற்றோரும், தாய்மாமன்மாரும், சித்தப்பா பிள்ளைகளும் வந்திறங்குகின்றனர். இவர்களுக்கு எதைக் காண்பிப்பது? நம்மில் பலர் ஒரு வண்டியை அமர்த்தி, கடற்கரையையும் நடிகர்களின் வீடுகளையும் சுற்றிக் காட்டிவிட்டு, இரவில் களைத்துத் திரும்புகிறோம். நாம் குடியிருக்கும் சந்துகளையோ கூடுமானவரை மறைத்துவிடுகிறோம். ஊரில் நாம் சொல்லிவைத்தது ஒன்று, இங்கே இருப்பது வேறொன்று என்று தெரிந்துவிடுமோ என்னும் கூச்சமே இதற்குக் காரணம்.

48-ஆம் சங்கீதத்தின் முடிவை வாசித்துப்பாருங்கள். சீயோனைக் கால்நடையாய்ச் சுற்றிவந்து அதன் கோபுரங்களைக் கணக்கிடும்படி சங்கீதக்காரன் அழைக்கிறான். அது பொழுதுபோக்கிற்காக அன்று. கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவதற்காகவே. நடந்து பார்த்தவனே விவரித்துச் சொல்ல முடியும்.

நம் தெருவிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் வாழும் இடத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1954-ல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தொடங்கப்பட்டது. 1967-ல் அதற்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயரிட்டனர். அதன் அருகே ஜனதா காலனி என்னும் குடியிருப்பு இருந்தது. அந்த நிலம் மையத்திற்குத் தேவைப்பட்டபோது, குடியிருந்தோர் நீதிமன்றம் வரை சென்று போராடினர். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் அவர்களை வழிநடத்தினார். ஒருமுறை குப்பை அள்ளப்படாதபோது, அவர் சிறுவர்களைத் திரட்டி, குப்பையைப் பொட்டலங்களாகச் சுமந்து நடக்கவைத்து, மாநகராட்சி அலுவலகத்தின் முன்னே கொட்டச் செய்தார்.

ஆயினும் நெருக்கடி நிலைக் காலமாகிய 1976-ல் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த சதுப்பு நிலத்திற்குக் கொண்டுவந்து விடப்பட்டனர். அதுவே சீத்தா கேம்ப். அற்புதம் 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருதும், 2011-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2018-ல் காலமானார்.

அன்று சேற்றில் கூடாரமிட்ட இளைஞர்கள் இன்று முதியோராகிவிட்டனர். அவர்கள் நம் சபைகளில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டியது, பிள்ளைகள் பிற்காலத்தில் காரணம் கேட்கும்படியாகத்தானே! உறவினரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்த முதியவர்களில் ஒருவரின் வீட்டிற்கு நடந்து செல்லுங்கள். முதலில் எங்கே ஜெபக்கூட்டம் நடந்தது, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று கேளுங்கள். அதன்பின் உங்கள் சந்து வெட்கத்திற்குரியதாகத் தோன்றாது.

மாலையில் டிராம்பே படகுத்துறை வரை செல்லலாம். கோலி மீனவர்களின் படகுகளைக் காண நம் கடலோர ஊர்க்காரர்கள் மகிழ்வார்கள். அணு ஆராய்ச்சி மையத்தின் மதிலைமட்டும் புகைப்படம் எடுக்க வேண்டாம்.

கோட்டைப் பகுதியில் ஒரு காலை

மறுநாள் மான்குர்டில் ஹார்பர் லைன் இரயிலேறினால் இறங்குமிடம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். நம் பெரியவர்கள் இன்னும் 'வி.டி.' என்றே சொல்லுவார்கள். 1878-ல் தொடங்கி 1888-ல் முடிக்கப்பட்ட இக்கட்டடத்தை 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சாலையைக் கடந்து நின்று அதன் முகப்பை நிதானமாய்ப் பாருங்கள்.

அங்கிருந்து தாதாபாய் நவுரோஜி சாலை வழியாக நடந்தால் 1864-ல் அமைந்த ஃபுளோரா ஃபவுண்டன் வரும். அருகிலேயே, மகாராஷ்டிர மாநிலம் உருவாகப் போராடி உயிர்நீத்தோரின் நினைவுச்சின்னம் உள்ளது. கிழக்கே திரும்பினால் பரிசுத்த தோமா பேராலயம். 1676-ல் இதற்கு அஸ்திபாரம் போடப்பட்டது, வேலை நின்றுபோயிற்று. 1718 கிறிஸ்துமஸ் நாளில்தான் ஆலயம் திறக்கப்பட்டது. இடையில் 42 ஆண்டுகள்! தகரக் கூரையின் கீழ் ஆராதித்துக்கொண்டு, சொந்த ஆலயத்திற்காக ஜெபித்துவரும் சபைகளே, சோர்ந்துபோகாதிருங்கள். சர்ச்கேட் என்ற பெயரும் இந்த ஆலயத்தினால் வந்ததே என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஆசியாட்டிக் சொசைட்டியின் படிகளில் சற்று இளைப்பாறி, கேட்வே ஆஃப் இந்தியா வரை செல்லுங்கள். பிரிட்டிஷ் மன்னரின் வருகையை நினைவுகூர எழுப்பப்பட்டு 1924-ல் திறக்கப்பட்ட அந்த வாயில் வழியாகவே, 1948 பிப்ரவரி 28-ஆம் நாள் கடைசி பிரிட்டிஷ் படையினர் வெளியேறினர். இராஜ்யங்கள் கடந்துபோகும் என்பதைக் கண்ணால் காணும் இடம் இது.

சில ஆலோசனைகள்

காலை நெரிசல் தணிந்தபின் புறப்படுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப்பின் போவதாயின், ஹார்பர் லைனில் மெகா பிளாக் உண்டா என்று விசாரியுங்கள். மூட்டுவலியுள்ள அம்மாவின் நடைக்கே எல்லாரும் நடக்க வேண்டும். குடிதண்ணீரையும், வீட்டில் கட்டிய புளிச்சோற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரேனும் தவறினால் எங்கே காத்திருப்பது என்பதை முன்னரே முடிவுசெய்யுங்கள்.

எம்மாவுக்குச் சென்ற சீஷர் இருவரும் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நடந்தார்கள். உள்ளத்தின் துக்கத்தையெல்லாம் வழியில்தான் பேசினார்கள். ஆண்டவரும் வழியில்தான் அவர்களோடு சேர்ந்துகொண்டார். வீட்டில் தொலைக்காட்சியின் முன் பேசாத தகப்பன், நடக்கும்போது பேசுவார். ஊரிலுள்ள கடன், தங்கையின் திருமணம், தனிமை யாவும் அப்போது வெளிப்படும். அவருடைய மகன் எப்படி வாழ்கிறான் என்பதையும் அவர் அறிந்துகொள்வார், அறிந்தே ஜெபிப்பார்.

இந்த விடுமுறையில் உறவினர் வந்தால், உங்கள் வாசலிலிருந்தே நடையைத் தொடங்குங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. ஆமென்.