கதிர் வரும் நேரமும் கொசு வரும் நேரமும்

பெரம்பலூர் மானாவாரிச் சீமை. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்தான் அங்கே முக்கிய வெள்ளாமை. 2007-இல் அதிலிருந்து பிரிந்த அரியலூரின் தெற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர் பக்கம் இறங்கினால் காட்சியே மாறிவிடும். புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் இடமெல்லாம் நெல். அதன் நடுவே 2024-இல் ராம்சார் ஈரநிலத் தகுதி பெற்ற கரைவெட்டி ஏரி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எங்கே தலைகாட்டும் என்று தேடுகிறவர்களுக்கு இந்த நில வேறுபாடுதான் முதல் தடயம். ஒன்றாயிருந்த பழைய பெரம்பலூர் மாவட்டம், விழுப்புரம், கடலூரோடு சேர்ந்து இந்நோயின் வட்டாரமாகவே நெடுங்காலம் அறியப்பட்டது.

இந்தியாவில் இந்நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது தமிழ்நாட்டில்தான்: 1955, வேலூர். கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் கிருமி பெருகுகிறது. அதை மனிதருக்குக் கொண்டுவருவது 'கியூலெக்ஸ் டிரைட்டேனியோரிங்கஸ்' என்ற கொசு. சாக்கடைக் கொசு அல்ல இது. வயல்வெளியில் தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டு, மாட்டுத் தொழுவத்தைச் சுற்றித் திரிவது. தொற்று ஏற்பட்டவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் முற்றுகிறது. ஆனால் முற்றிவிட்டால், கிருமியைக் கொல்ல மருந்தில்லை. பிழைக்கும் குழந்தைகளில் பலர் வலிப்போடும் பேச்சிழந்தும் வாழ நேர்கிறது. காய்ச்சல் வந்தபின் ஓடுவதைவிட, வருமுன் அறிவது இங்கே அத்தனை முக்கியம்.

அறிய வழி உண்டா? நெற்பயிரையே கேட்கலாம் என்கிறது 2016-இல் வெளியான ஓர் ஆய்வு. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் மதுரையில் அப்போதிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தியது அது. பயிரின் ஒவ்வொரு பருவத்திலும் கொசுக்களைப் பிடித்து எண்ணியபோது, கதிர் வெளிவரும் சமயத்தில் எண்ணிக்கை உச்சம் தொட்டது. பயிர் முற்றத் தொடங்கியதும் சரிந்தது. அதே வயல்களின் ரேடார் செயற்கைக்கோள் படங்களையும் அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நடவின்போது மைனஸ் 18.3 டெசிபெலாக இருந்த ரேடார் எதிரொலி அளவு, பயிர் தழைத்துப் பூக்கும் கட்டத்தில் மைனஸ் 17.6-க்கும் மைனஸ் 17.16-க்கும் இடையே வந்தது. கொசுக்கள் பெருகத் தொடங்கியதும் அப்போதுதான். உச்சம் வருவதற்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை அது.

ரேடார் ஏன் என்பது வடகிழக்குப் பருவமழையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். சம்பாப் பயிர் வளரும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும். சாதாரணக் கேமரா மேகத்தைத்தான் படமெடுக்கும். ரேடார் அலையோ மேகத்தை ஊடுருவி, இரவிலும் வேலை செய்யும். தேங்கிய நீர் அந்த அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால், நட்ட வயல் படத்தில் கருப்பாகத் தெரிகிறது. தண்டும் தாளும் வளர வளர எதிரொலி கூடி, வயல் வெளுக்கிறது. இந்தியாவின் ரிசாட்-1 2012-இலும், ஐரோப்பாவின் சென்டினல்-1 2014-இலும் இத்தகைய ரேடாருடன் விண்ணேறின. சென்டினல் படங்கள் எவருக்கும் இலவசம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் ரேடார் செயற்கைக்கோள் 12 நாளுக்கொரு முறை அதே இடத்துக்கு மேல் திரும்ப வருகிறது.

ஆப்பிரிக்காவில் இத்தகைய முன்னறிவிப்பு நடைமுறையிலேயே பலித்திருக்கிறது. 2006-இல் நாசா விஞ்ஞானிகள் கடல் வெப்பம், மழை, தாவரப் பசுமை ஆகியவற்றின் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கிழக்கு ஆப்பிரிக்காவில் கொசு பரப்பும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரும் என்று எச்சரித்தார்கள். சில வாரங்களில் கென்யாவில் நோய் வெடித்தது.

இந்த முன்னறிவிப்புக்கு எல்லையும் உண்டு. கொசு பெருகினால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. பன்றி வளர்ப்பு, பறவைகள், தடுப்பூசி எல்லாம் கணக்கில் வரவேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுத் தொட்டியிலும் கொல்லைப்புறத்துப் பழைய டயரிலும் பிறப்பது. அந்தத் தண்ணீர் செயற்கைக்கோளின் கண்ணில் படாது. பொழுது சாய்ந்தபின் டார்ச் விளக்கோடு தொழுவம் தொழுவமாகப் போய், உறிஞ்சுகுழாயில் கொசு பிடித்து எண்ணும் களப்பணியாளர் இல்லாவிட்டால் வரைபடத்தைச் சரிபார்க்கவும் ஆளில்லை. பணத்தையெல்லாம் கணினியில் கொட்டி அந்தப் பணியிடங்களைக் காலியாக விட்டால், இந்த முயற்சி பாழ்.

ஆனால் பாதி வேலை தமிழ்நாட்டில் ஏற்கெனவே முடிந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ரேடார் படங்களிலிருந்து எங்கே, எப்போது நெல் நடப்பட்டது என்று வரைபடம் தயாரிக்கிறது. 2016-17 வறட்சியின்போது பயிர்க் காப்பீட்டுக்கு அது கைகொடுத்தது. காப்பீட்டுக்காரரின் மேசைக்குப் போகும் வரைபடம் மாவட்டச் சுகாதார அலுவலரின் மேசைக்கும் போகலாம். திருமானூர் வட்டாரத்தில் எந்த ஊர் வயல் எந்த வாரம் கதிர் வாங்கும் என்று தெரிந்தால், ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் போடவேண்டிய தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகளை அதற்கு முன்பே தேடிப் போடலாம். புகையடிப்பை ஊரூராக அலையாமல் தேவையான இடத்தில் வைக்கலாம்.

விவசாயிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்தால் கியூலெக்ஸ் புழுக்கள் குறைவதை மதுரை ஆய்வாளர்கள் 1990-களிலேயே காட்டினார்கள். ஒரு வயல் காய்ந்து, அடுத்த வயலில் தண்ணீர் நின்றால் பயனில்லை. எனவே ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரே முறை வைத்து நீர் விட, நீர்வளத்துறையும் பாசன சங்கங்களும் சுகாதாரத்துறையோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு நடவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.