காரின் மூச்சுக்குழாயை மாற்றலாமா?

வெள்ளிக்கிழமை மாலை. தஞ்சோங் பகார் அலுவலகக் கட்டடங்களிலிருந்து வெளிவரும் கார்கள் கெப்பல் சாலையில் நத்தையாய் நகர்கின்றன. நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காரின் முன்மூடிக்குள் வெப்பம் ஏறுகிறது. "புது ஏர் ஃபில்டர் போட்டுப் பாருங்கள், வண்டி பறக்கும், பெட்ரோலும் மிச்சமாகும்" என்று நண்பர் சொன்னதைக் கேட்டுப் பட்டறைக்குப் போக நினைக்கும் ஓட்டுநர், முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இந்த நெரிசலைத்தான்.

கார் பெட்ரோலில் மட்டும் ஓடுவதில்லை, காற்றிலும் ஓடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. இவ்வளவு காற்றையும் தூசு நீக்கி, கூடியவரை குளிர்ச்சியாக இயந்திரத்துக்குள் அனுப்புவதே காற்று உள்வாங்கும் அமைப்பின் வேலை.

தொழிற்சாலை அமைப்பு

கார் நிறுவனம் பொருத்தித் தரும் அமைப்பு பார்ப்பதற்குச் சாதாரணக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிதான். ஆனால் அதில் யோசனை நிறைய இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் வாய் இயந்திரத்தின் சூட்டிலிருந்து விலகி, முன்பக்கத்தில் உயரமான இடத்தில் இருக்கும். உள்ளே மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி. பல கார்களில் மழைத்துளி வடிந்து போகச் சிறு துளையும், இரைச்சலை அடக்கக் காற்றறைகளும் உண்டு. குழாயின் அகலம்கூட, உள்ளே வரும் காற்றை அளக்கும் உணர்கருவிக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டது.

வெளிச்சந்தையில் கிடைப்பவை மூன்று வகை. முதல் வகை, பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்தும், கழுவிப் பயன்படுத்தக்கூடிய பஞ்சுத்துணி வடிகட்டி. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கே அண்ட் என் நிறுவனம் இவ்வகைக்குப் பெயர்பெற்றது. இரண்டாம் வகை, பெட்டியை எடுத்துவிட்டு இயந்திரத்தின் பக்கத்திலேயே கூம்பு வடிகட்டியைப் பொருத்தும் குட்டைக்குழாய். மூன்றாம் வகை, நீண்ட குழாய் வழியாக பம்பருக்கு அருகே தாழ்வான இடத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுப்பது.

சூடும் சத்தமும்

குட்டைக்குழாயின் குறை, சிங்கப்பூர்ப் போக்குவரத்தில் உடனே தெரியும். வெளியே 30 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது முன்மூடிக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்று சூடானால் அடர்த்தி குறையும். 30 டிகிரி வித்தியாசத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு காற்று குறைந்துவிடுகிறது. காற்று குறைந்தால் சக்தியும் குறையும். ஆனால் ஓட்டுநருக்கு நேர்மாறாகத் தோன்றும். காரணம், இரைச்சலை அடக்கிய பெட்டி இப்போது இல்லை. உறுமல் கூடும்போது வேகமும் கூடியதாக மனம் நம்பிவிடுகிறது.

பெட்ரோல் மிச்சமாகுமா? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அடைத்துக்கொண்ட வடிகட்டியுடன் ஓட்டியபோதும் நவீனக் கார்களின் பெட்ரோல் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. வேகம் எடுக்கும் திறன்தான் குறைந்தது. கணினி, வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோலைத் தெளிக்கிறது என்பதே காரணம். வடிகட்டியை மாற்றினால் பெட்ரோல் மிச்சம் என்ற பேச்சு, கார்புரேட்டர் காலத்திலிருந்து வந்தது. அடைத்த வடிகட்டியே செலவைக் கூட்டவில்லை என்றால், சுத்தமான காகித வடிகட்டியை எடுத்துவிட்டு விலையுயர்ந்த ஒன்றைப் பொருத்துவதால் பெரிய மிச்சம் எங்கிருந்து வரும்?

தவிர, மிதியை முழுதாக அழுத்தி இயந்திரத்தை உச்சத்தில் சுழலவிடும்போதுதான் காற்றுப்பாதையின் தடை உணரப்படும். விரைவுச்சாலைகளிலேயே உச்சவேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர் என்றிருக்கும் ஊரில் அந்த வாய்ப்பு எத்தனை முறை வரும்?

மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர்

தாழ்வாக இறங்கும் நீண்ட குழாய் குளிர்ந்த காற்றைத் தருவது உண்மை. ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாடு இது. 2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலையே வெள்ளக்காடானது பலருக்கு நினைவிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரத்தில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் மிஞ்சும் இடம் சுமார் 45 மில்லிலிட்டர்தான். மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் புகுந்தாலே பிஸ்டன் தண்டு வளைந்துவிடலாம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு, அது பழுதுச் செலவோடு முடிவதில்லை. வண்டி பட்டறையில் கிடக்கும் நாளெல்லாம் வருமானமும் இல்லை.

கழுவும் வடிகட்டியிலும் கவனம் தேவை. எண்ணெயை அதிகமாகத் தடவினால் காற்றளவு உணர்கருவியில் படிந்து அளவு தவறும். குறைவாகத் தடவினால் நுண்தூசு உள்ளே போய் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும்.

வெளிச்சந்தைப் பொருள் எல்லாமே வீண் என்று சொல்வதற்கில்லை. பந்தயத் திடலுக்குப் போகும் கார், டர்போ அழுத்தம் கூட்டப்பட்டு கணினியும் சீரமைக்கப்பட்ட கார் ஆகியவற்றுக்கு அகலமான காற்றுப்பாதை பயன்தரும். அன்றாடம் வேலைக்குப் போய்வரும் காருக்கு அந்தத் தேவை இல்லை.

எதைச் செய்தாலும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிமுறைகளை முன்கூட்டியே பார்ப்பது அவசியம். அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை என்று வாகன மாற்றங்களை ஆணையம் வகைப்படுத்தியுள்ளது. பட்டறைக்காரர் "பரவாயில்லை" என்று சொன்னாலும், பரிசோதனை நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் காரின் உரிமையாளரே.

வாகன உரிமைச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கொடுத்துப் பத்தாண்டுக்கு வாங்கும் கார் இது. காகித வடிகட்டியைக் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றி, பெட்டியின் கொக்கிகள் இறுகப் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால், அந்தப் பத்தாண்டும் இயந்திரம் சுத்தமான காற்றைச் சுவாசிக்கும்.