சேர்வராயன் மலைக் கல்லும் காரமும்

காரத்தைக் குறிக்கும் 'ஆல்கலி' எனும் சொல், தாவரச் சாம்பலைச் சுட்டும் 'அல்கலீ' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. அக்காரத்தின் ஆற்றலை, ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் பாக்சைட்டில் காண்கிறோம். நெடுங்கால மழை பாறையின் சுண்ணத்தையும் சிலிக்காவையும் கரைத்தகற்ற, அங்கே பெரிதும் எஞ்சியவை அலுமினிய ஹைட்ராக்சைடும் இரும்பு ஆக்சைடும். முன்னது ஈரியல்புடையது, அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரிந்து உப்பைத் தரும். பின்னதோ காரத்தில் கரையாது. ஆகவே, சூடான எரிசோடாக் கரைசலில் அலுமினியம் சோடியம் அலுமினேட் எனும் உப்பாகக் கரைந்து பிரிய, இரும்பு செஞ்சேறாகத் தங்கும். கார்ல் பேயர் 1888இல் காப்புரிமை பெற்ற இம்முறையில்தான் மேட்டூர் அலுமினிய ஆலை இம்மலைக் கனிமத்தைப் பதப்படுத்தி வந்தது. செஞ்சேற்றில் ஒட்டியிருக்கும் காரம் நீரையும் நிலத்தையும் கெடுக்க வல்லது. அமிலம் சேர்த்து அதனை நடுநிலையாக்குவதும் இப்பாடத்தின் பகுதியே. உலோகத்தைப் பெறக் கற்ற நாம், எச்சத்தின் கடுமையைத் தணிக்கவும் கடமைப்பட்டுள்ளோம்.