நான்கு ஊர்களுக்கு ஒரு பள்ளி

அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பணபலத்தையும் படைபலத்தையுமே பேசுகின்றனர். அந்நாட்டுச் சிற்றூர்கள் தம் குழந்தைகளின் படிப்புக்காகத் தமக்குள் செய்துகொண்டுள்ள ஓர் ஏற்பாட்டை நமது அரசியல் ஊழியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். சுயாட்சியின் பலம், பலவீனம் இரண்டும் அதில் ஒருங்கே விளங்குகின்றன.

மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் கல்வி ஆதி முதல் ஊராரின் பொறுப்பாகவே இருந்து வருகிறது. 50 குடும்பங்கள் வாழும் ஊர், எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் உபாத்தியாயரை நியமிக்க வேண்டுமென்று 1647-ம் வருஷத்திலேயே அங்கே சட்டம் பிறந்தது. 500 குடும்பங்கள் உள்ள ஊர்கள் உயர்தரக் கல்விக்கும் வகை செய்ய வேண்டுமென்று 1827-ம் வருஷச் சட்டம் விதித்தது. ஆனால், நூறு இருநூறு குடும்பங்களே உள்ள மலையூர் என்ன செய்யும்? ரசாயன சாலை, அந்நிய பாஷை, சங்கீதம், தொழிற்பயிற்சி இவற்றுக்கெல்லாம் தனித்தனி ஆசிரியர்களை வைக்க அதன் வரிப்பணம் போதாது. ஆகவே பல ஊர்கள் கூடி ஒரே உயர்தரப் பள்ளியை நடத்தும் முறை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே பரவிற்று.

அந்த ராஜ்யத்தின் வட எல்லையில், கனெக்டிகட் நதிக்கரையில் உள்ள நார்த்பீல்டில் இத்தகைய பள்ளி ஒன்று இருக்கிறது. நார்த்பீல்டு, பெர்னார்ட்ஸ்டன், லெய்டன், வார்விக் என்ற நான்கு ஊர்கள் கூடி நிறுவிய பள்ளி அது. 2020-ம் வருஷக் கணக்கின்படி லெய்டன், வார்விக் இரண்டிலும் ஊருக்கு 800 பேர் கூட இல்லை. இந்த ஊர்கள் தனித்து நின்றிருந்தால் அத்தகைய பள்ளியைக் கனவிலும் கண்டிருக்க முடியாது.

இந்தக் கூட்டு ஏற்பாடு நடைபெறும் முறையும் அறியத்தக்கது. ஊர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தமே அதன் அஸ்திவாரம். பிரதிநிதிகள் அடங்கிய பள்ளிக் கமிட்டி வருஷச் செலவுத் திட்டத்தை வகுக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் அதன் பங்கு விதிக்கப்படுகிறது. வாக்காளர் எல்லோரும் நேரில் வந்து கலந்துகொள்ளும் ஊர்ப் பொதுக்கூட்டம் அதை விவாதித்து வாக்களிக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஊர்கள் ஒப்பினால் திட்டம் நிறைவேறும். எதிர்த்து வாக்களித்த ஊரும் தன் பங்கைக் கொடுத்தே தீரவேண்டும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. சொத்து வரியின் மொத்த வசூலை, மக்களின் தனி வாக்கின்றி வருஷத்துக்கு 2.5 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்தலாகாதென்று 1980-ம் வருஷத்தில் அந்த ராஜ்யத்து வாக்காளர்களே சட்டம் செய்துகொண்டனர். புதிதாகக் கட்டப்படும் கட்டடங்களின் வரி மட்டும் இதற்கு விலக்கு. தூரத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ் செலவை ராஜ்ய சர்க்கார் ஈடு செய்யும் என்பது சட்டம். ஆனால் சட்டசபை ஒதுக்கும் தொகையின் அளவுக்குத்தான் அதுவும் கிடைக்கும். பணம் குறையும்போது, கமிட்டியின் கண் முதலில் விழுவது சிற்றூரின் ஆரம்பப் பள்ளி மீதுதான். வார்விக்கின் ஆரம்பப் பள்ளி 2020-ம் வருஷத்தில் மூடப்பட்டது. அவ்வூரார் சோர்ந்துவிடவில்லை. 2023-ம் வருஷத்தில் கூட்டிலிருந்து விலகித் தம் பள்ளியைத் தாமே திறந்துகொண்டனர்.

இதைக் குறுகிய ஊர்ப்பற்று என்று இகழ்வாரும் உண்டு. ஒரு வகுப்பிலிருந்து வருஷத்துக்கு 100 பேராவது தேறி வெளியேறாத உயர்தரப் பள்ளி போதிய கல்வி தர இயலாதென்று, ஹார்வர்ட் சர்வகலாசாலையின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959-ம் வருஷத்தில் எழுதினார். அந்நாட்டில் 1940-ம் வருஷ வாக்கில் ஒரு லட்சத்துக்கு மேலிருந்த பள்ளி ஜில்லாக்கள் இன்று ஏறக்குறைய 13,000 ஆகச் சுருங்கிவிட்டன. சிக்கனமும் பாட விரிவும் வேண்டாமென்று எவரும் சொல்லார். பதினைந்து வயதுப் பிள்ளை பத்து மைல் பஸ்ஸில் சென்று விஞ்ஞானம் கற்பது நன்மையே. ஆறு வயதுக் குழந்தையின் விஷயம் அப்படியா? அதன் பள்ளி ஊருக்குள் இருப்பதே முறை. அது மூடினால், இளந்தம்பதிகள் அவ்வூரில் குடியேறத் தயங்குவர். குழந்தைகள் மேலும் குறைவர். கூட்டுப் பள்ளிக்கும் அதனால் நஷ்டமே.

கூட்டுறவு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தனித்துச் செய்ய இயலாததைச் செய்வதற்கே ஊர்கள் கூடுகின்றன. தனித்துச் செய்யக்கூடியதைப் பறிகொடுப்பதற்காக எந்த ஊரும் கூடுவதில்லை. ஆகையால் ஓர் ஊரின் ஆரம்பப் பள்ளியை அவ்வூராரின் சம்மதமின்றி மூடலாகாது என்ற விதி, இத்தகைய ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் முதலிலேயே எழுதப்பட வேண்டும். பெரும்பான்மையின் வாக்குக்குச் சிறுபான்மை கட்டுப்படுவது ஜனநாயகம்; சிறுபான்மையின் உயிர்நாடியில் பெரும்பான்மை கைவைக்காதிருப்பதும் ஜனநாயகமே. பின்னதை மறந்த கூட்டு நெடுநாள் நிலைக்காது என்பதற்கு வார்விக் ஊரே சாட்சி.